சம்பந்தி ரோடு

என் மகள் ஆத்விகா அன்று காலையில் போனில் சரியாகப் பேசவில்லை. "ஒண்ணுமில்லம்மா" என்றாள். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. எனக்கு அது போதும். அடுப்பை அணைத்தேன், புடவையை மாற்றினேன், "ஏங்க, கிளம்புங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி இட்லியைப் பிட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க?"

"எங்கயா? பெரம்பலூருக்குத்தான். பிள்ளைக்குக் குரலே சரியில்ல."

"இப்பத்தான போயிட்டு வந்தோம்? என்ன ஏதுன்னு போன்ல ஒரு வார்த்த கேட்டுக்கிடலாம்லா?"

"கேட்டேன். ஒண்ணுமில்லங்கா. ஒண்ணுமில்லன்னு ஒரு பொம்பள சொன்னா என்னமோ இருக்குன்னு அர்த்தம். உங்களுக்கு எங்க அதெல்லாம் வெளங்கப் போவுது?"

அவர் கை கழுவப் போய்விட்டார். கல்யாணமான புதிதில் என்னோடு வாதாடிப் பார்த்தார். ஜெயிக்க முடியவில்லை. அதோடு விட்டுவிட்டார், பாவம்.

எங்களுக்குக் கோவில்பட்டியில் பேட்டரி மாற்றும் நிலையம். ஆட்டோக்காரர்களும் லோடு வண்டிக்காரர்களும் வந்து காலி பேட்டரியைப் போட்டுவிட்டு நிறைந்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். அடிக்கடி பூட்டிக் கிடந்தால் வாடிக்கை பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் பூட்டினேன். பெற்ற பிள்ளையைவிடப் பேட்டரி பெரிதா?

அதிலும் ஆத்விக்கு இப்போது நிறைமாதம். தலைப்பிரசவம். முறைப்படி அவள் என் வீட்டில் இருந்திருக்க வேண்டும். வளைகாப்பு முடிந்த கையோடு கூட்டிவர நாங்கள் வேனெல்லாம் பேசிப் போயிருந்தோம். அவள் மாமியார் தமயந்தி, சபையில் எல்லோர் முன்னாலும், "டாக்டர் இங்க இருக்காங்க, பிரசவம் இங்கயே ஆகட்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். ஏன், எதற்கு என்று ஒரு விளக்கமும் இல்லை. நான் விட்டேனா? வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அவள் பதிலே பேசவில்லை. பதில் பேசுகிறவளோடு சண்டை போடலாம், வாயைத் திறக்காதவளோடு எப்படிப் போடுவது? அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

காரில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். "இந்தத் தடவை பிள்ளையக் கூட்டிட்டு வாரோம். பிரசவம் நம்ம வீட்ல. அதுக்கப்புறமும் அனுப்புறதா இல்ல" என்றேன்.

"மாப்பிள்ள?"

"வேணும்னா அவரு வரட்டும். இல்லன்னா அம்மாவோடயே இருக்கட்டும்."

"செல்வி, ஒரு குடும்பத்தப் பிரிக்கிற பேச்சுல்லா பேசுத?"

"சேர்ந்து என்ன வாழ்ந்தாங்க? ரெண்டு வருஷத்துல எத்தன பஞ்சாயத்து!"

கார் தானாகச் சாத்தூரைத் தாண்டி விரைவுச்சாலையில் ஏறியது. சாவடி, தடுப்புக்கட்டை, சில்லறை என்று எதுவும் இப்போது கிடையாது. எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம் என்று சாலையே பார்த்துக்கொள்ளும். தூரத்துக்குத் தகுந்த சுங்கம் கணக்கிலிருந்து போய்விடும். அரசாங்கம் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. நடத்துவது அகல்வழி என்ற கம்பெனி. ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது சம்பந்தி ரோடு. ஏன் அந்தப் பெயர் என்று நான் யோசித்ததே இல்லை.

என் போன் சிணுங்கியது. உறவுமாலை ஆப். இந்த ஆப்பில்தான் ஆத்விக்கு மாப்பிள்ளை பார்த்தோம். கல்யாணத்தோடு அதன் வேலை முடியவில்லை. இரண்டு வீட்டையும் சேர்த்துவைக்கிற சேவை என்று கூடவே வந்தது. மகள் எப்படிப் பேசினாள், சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று தினமும் சொல்லும். 'மகளின் குரலில் சோர்வு. நீங்கள் கிளம்பியது நல்லது' என்று எழுதியிருந்தது. "பாத்தீங்களா? மிசினுக்கே தெரியுது" என்று அவரிடம் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாதி வழியில் ஓர் இளைப்பாறு மையம் உண்டு. சார்ஜுக்காக எல்லா வண்டியும் அங்கே நின்றாக வேண்டும். அவர் காபி வாங்கப் போனார். நான் ஒரு மேசையில் இடம் பிடித்தேன். எதிரே நகையும் பட்டும் போட்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். காலடியில் சேவுப் பொட்டலம் நிறைந்த பை இருந்தது. சாத்தூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.

"பெரம்பலூரா?" என்று அவரே ஆரம்பித்தார்.

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பெரம்பலூரு, இல்லன்னா அரியலூரு. நம்ம பக்கத்து ஆளுக வேற எங்க போறாக? எனக்கு அரியலூரு. மகன் மாமியார் வீட்டுல கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், சமாதானம் பேசப் போறேன். அந்தா, அந்த மேசைல இருக்காகள்ல, கழுகுமலைக்காரவுக. அவுகளுக்கும் அரியலூர் சம்பந்தம். அந்தப் பச்சப் புடவ எட்டயபுரம். பெரம்பலூர்ல பொண்ணு குடுத்திருக்காக."

நான் சுற்றிப் பார்த்தேன். எல்லா மேசையிலும் தாம்பாளம், பழக்கூடை, முறுக்கு டின், தூங்குகிற பிள்ளை. ஒரு பக்கம் எங்கள் ஊர்ப் பேச்சு, இன்னொரு பக்கம் அந்த ஊர்ப் பேச்சு. கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடம் போலிருந்தது.

"ஏன்மா, மதுரை இடையிலதான இருக்கு? எம்மாம் பெரிய ஊரு. அங்க நம்ம ஆளுக யாரும் சம்பந்தம் பண்ணலயா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாவும் யோசித்தார். "எங்களுக்கு மதுரைல ஒரு வரன் வந்துச்சுங்க. நல்ல பொண்ணு. ஆப்புல பொருத்தம் கம்மின்னு காட்டிருச்சு. திருச்சிப் பொண்ணும் அப்படித்தான். அரியலூருக்குத்தான் நல்லாப் பொருந்துச்சு" என்றார். பிறகு அவர் முகத்திலும் ஏதோ ஓடியது. "அதென்னமோ" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

எனக்குத் தலை சுற்றியது. சாலையின் இந்தக் கோடியில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கோடியில்தான் பொருத்தம், நடுவில் இருக்கிற ஒருவனுக்கும் பொருந்தாது என்றால் இது என்ன ஜாதகம்?

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது.

"சம்பந்தியம்மா, உக்காரலாமா?"

தமயந்தி நின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகளைக் கூட்டிவர நான் போய்க்கொண்டிருக்க, அவள் மாமியார் இங்கே என்ன செய்கிறாள்?

"ஆத்விக்கு என்ன?" என்று எழுந்தேவிட்டேன்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லை. நல்லா இருக்கா. உங்களைப் பார்க்கத்தான் கோவில்பட்டிக்கு வந்துகிட்டு இருந்தேன். நீங்களும் கிளம்பிட்டீங்கன்னு ஆப் சொல்லிச்சு. எப்படியும் இங்க நிப்பீங்கன்னு காத்திருந்தேன்."

"போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணியிருந்தா பாதியிலயே வெச்சிருப்பீங்க."

அது உண்மைதான். அதனால் இன்னும் கோபம் வந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன். இவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. தமயந்தி நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அளந்து அளந்து பேசுவாள். பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். இப்போதும் துடைத்தாள். அதற்குள் என் வீட்டுக்காரர் காபியோடு வந்து, அவளைப் பார்த்துத் திகைத்து, தன் காபியை அவள் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த ரோட்டை யார் போட்டதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"அகல்வழிக்காரன். அதுக்கென்ன இப்ப?"

"அரசாங்கத்துகிட்ட அப்போ பணம் இல்லை. கம்பெனி தன் செலவுல போட்டுச்சு. முப்பது வருஷம் சுங்கம் வசூல் பண்ணிக்கலாம், அப்புறம் ரோட்டை அரசாங்கத்துகிட்ட குடுத்துடணும். அதுதான் ஒப்பந்தம். ஆனா வண்டியே வரலைன்னா? கம்பெனிக்கு நஷ்டம். முன்னாடி போட்ட ரோட்டுக்கெல்லாம் அந்த நஷ்டத்தை அரசாங்கம்தான் ஈடுகட்டிச்சு. கட்டி மாளலை. அதனால இந்த ரோட்டு ஒப்பந்தத்துல புதுசா ஒரு பிரிவு சேர்த்தாங்க. வண்டி குறைஞ்சா அரசாங்கம் தராது. போக்குவரத்தை வளர்க்கறது கம்பெனியோட பொறுப்பு, அதுக்கு சட்டத்துக்கு உட்பட்ட எந்த முயற்சியும் எடுத்துக்கலாம்."

"சரி. நல்லதுதான?"

"நல்லதுன்னுதான் நானும் நினைச்சேன். அந்தப் பிரிவை எழுதினதே நான்தான்."

அவள் காபியைத் தொடவில்லை. என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ ஓட்டல் கட்டுவாங்க, பூங்கா வெப்பாங்க, பண்டிகைக்குச் சலுகை குடுப்பாங்கன்னு நினைச்சோம். முதல்ல அதெல்லாம்தான் செஞ்சாங்க. பலன் இல்லை. அப்புறம் ஒரு கணக்குப் போடற எந்திரத்தை வெச்சு, யார் இந்த ரோட்டுல திரும்பத் திரும்ப வர்றாங்கன்னு பார்த்திருக்காங்க. லாரிக்காரன் இல்லை. ஆபீஸ் போறவனும் இல்லை. சம்பந்திங்க. நம்ம ஊர்ல ஒரு கல்யாணம் பண்ணா அது அத்தோட முடியுதா? மறுவீடு, தலைதீபாவளி, ஆடிக்கு அழைக்கறது, வளைகாப்பு, பிரசவம், காதுகுத்து. நடுவுல கோவிச்சுக்கிட்டுப் போறது, சமாதானம் பேச வர்றது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு கல்யாணம் நடந்தா கம்பெனிக்கு ஒரு தலைமுறைக்கு வண்டி ஓடும்."

எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. "அதுக்கு? கம்பெனிக்காரன் வந்து தாலி கட்டவா சொன்னான்?"

"உறவுமாலை ஆப்பை வாங்கினது அவங்கதான்."

நான் என் போனைப் பார்த்தேன். பிறகு அதைக் கவிழ்த்துவைத்தேன். ஏன் கவிழ்த்தேன் என்று தெரியவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அன்று அவர் உருப்படியாகக் கேட்ட முதல் கேள்வி.

"என்னோட வேலை பார்த்தவர் ஒருத்தர் இப்போ அந்தக் கம்பெனில ஆலோசகர். அவர் பொண்ணுக்குப் போன வாரம் கல்யாணம். மாப்பிள்ளை எதிர்த் தெரு. ஆப்புல பார்க்கலையான்னு விளையாட்டாக் கேட்டேன். மனுஷன் முகம் மாறிப்போச்சு. தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னார். நம்ம பசங்களைப் பத்தி விசாரிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டேன். நேத்து சொன்னார்."

"என்ன சொன்னாரு?" எனக்குப் படபடவென்று வந்தது. "எம் பிள்ளைக்கும் உங்க மகனுக்கும் பொருத்தமே இல்லயா? அடிக்கடி சண்ட வரணும், அப்பத்தான் வண்டி ஓடும்னு வேணும்னே சேத்து வெச்சானா, படுபாவி?"

"நானும் அப்படித்தான் பயந்தேன். அதில்லை சம்பந்தியம்மா." அவள் மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள். எனக்கு அதைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது. "பசங்க பொருத்தத்தை அது பார்க்கவே இல்லையாம். பத்துக்கு எட்டு, ஒன்பதுன்னு நமக்குக் காட்டினதெல்லாம் சும்மா ஒப்புக்கு. அசலாப் பார்த்தது அம்மாக்களைத்தான்."

"யார?"

"உங்களையும் என்னையும். பதிவு பண்ணும்போது நம்ம போன்ல இருக்கற பழசு புதுசு எல்லாத்தையும் பார்க்க அனுமதி குடுத்தோமே? உங்க பொண்ணு ஹாஸ்டல்ல இருந்தப்போ தலைவலின்னு சொன்னாக்கூட நீங்க வண்டி ஏறிடுவீங்கன்னு அதுக்குத் தெரியும். கேள்வி கேக்காம இருக்க உங்களால முடியாது. பதில் சொல்ல எனக்கு வராது. வாயைத் திறக்காத மாமியார் இருக்கற வீட்ல என்ன நடக்குதுன்னு பெத்தவளுக்குத் தெரியாது. தெரியாதவ கிளம்பி வருவா. வந்து சண்டை போடுவா. சண்டை போட்டா மறுபடி வரணும். நம்ம ரெண்டு பேருக்குத்தான் பொருத்தம் பார்த்திருக்கு. நூத்துக்கு நூறாம்."

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்ததும் இருமினார்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. யார்மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. இதுவரை எனக்கு அப்படி ஒரு நிலை வந்ததில்லை. யாராவது ஒருத்தர் கைக்கு அகப்படுவார்கள். இப்போது கம்பெனிக்காரனைத் திட்டலாமென்றால் அவன் எங்கே இருக்கிறான், முகம் எப்படி இருக்கும், ஒன்றும் தெரியாது. எதிரே இருக்கிறவளைத் திட்டலாமென்றால் அவளும் என்னைப்போல்தான் ஏமாந்திருக்கிறாள். ஆனால் அந்தப் பிரிவை எழுதியவள் இவள்தானே என்றும் தோன்றியது. பெற்றவள் பிள்ளையைப் பார்க்க ஓடுவது ஒரு குற்றமா? அதை ஒருத்தன் எடைபோட்டு, இவள் நன்றாக ஓடுவாள் என்று மாடு பிடிக்கிற மாதிரி பிடித்திருக்கிறான்.

"ஆப்பு பொய் சொல்லிச்சா அப்ப? இன்னைக்குக் காலையில பிள்ள குரல் இறங்கினது பொய்யா?"

"பொய் சொல்லாது. அவ சோர்வா இருந்த நேரத்தை மட்டும் சொல்லும். சிரிச்ச நேரத்தை உங்ககிட்ட சொல்லாது. அவ்வளவுதான்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல, அவ சிரிக்கான்னு?"

"நீங்க கேக்கலை" என்றாள். பிறகு, "எனக்கும் தானா சொல்லணும்னு தோணலை. பிரசவத்தை இங்க வெச்சுக்கலாம்னு சொன்னதுகூட, அவளுக்குக் கொஞ்சம் ரத்த அழுத்தம் இருக்கு, அவ்வளவு தூரம் கார்ல வேண்டாம்னுதான். அதையும் சபையில சொல்லத் தெரியாம முடிச்சுட்டேன்" என்றாள்.

ரத்த அழுத்தம். அந்தப் பிள்ளையைத்தான் காரில் போட்டு இன்றைக்கே கூட்டிவரக் கிளம்பியிருந்தேன். உடனே ஆத்விக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தேன்.

"ஏட்டி, நீயும் உம் புருஷனும் எப்படி இருக்கீங்க? மறைக்காமச் சொல்லு."

"என்னம்மா திடீர்னு? நல்லாத்தான் இருக்கோம்."

"அப்ப இத்தன பஞ்சாயத்து?"

"எந்தப் பஞ்சாயத்து? எனக்கும் அவருக்கும் என்னைக்குப் பஞ்சாயத்து நடந்துச்சு? எல்லாம் நீயும் அத்தையும் போட்டதும்மா. நாங்க ரெண்டு பேரும் உள்ள ரூம்ல உக்காந்து படம் பாத்துக்கிட்டு இருப்போம்."

தமயந்தி என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். நடந்ததை எல்லாம் ஆத்வியிடம் சொன்னேன். சாலை, கம்பெனி, ஆப், அம்மாக்கள் பொருத்தம். மூச்சு வாங்கச் சொல்லிமுடித்தேன். அவள் அதிர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேம்மா. எனக்கு அதுல கொஞ்சம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரோடு, கம்பெனி எல்லாம் தெரியாது. ஆனா குரல் இறங்குனா உனக்குத் தகவல் போவும்னு தெரியும். கல்யாணமான கொஞ்ச நாள்லயே அவரு கண்டுபிடிச்சுச் சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "காலையிலயும் நான்தான் இறக்கிப் பேசினேன்."

"என்னட்டி சொல்லுத?"

"உன்னப் பாக்கணும்போல இருந்துச்சு. அதான்."

"அதுக்கு இப்படியா? நேரா வாம்மான்னு கூப்பிட வேண்டியதுதான?"

"கூப்பிட்டேன். மொதத் தீபாவளி முடிஞ்சு கூப்பிட்டேன். சும்மா ரெண்டு நாள் வந்து இருந்துட்டுப் போம்மான்னேன். 'நல்லாத்தான இருக்க? பின்ன என்ன? கடையைப் போட்டுட்டு எப்படி வர?'ன்னு கேட்ட. பொங்கலுக்கு அப்புறமும் கூப்பிட்டேன். அதையேதான் கேட்ட. நான் நல்லா இருக்கேன்னு சொன்ன நாள்ல எல்லாம் நீ வந்ததே இல்லம்மா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்தேன். எதிரே தமயந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இங்க எனக்குப் பேச ஆளே இல்லம்மா" என்றாள் ஆத்வி. "பக்கத்து வீட்டக்கா உங்க பக்கத்துக்குப் போயிருக்கா. எதிர்வீட்டுப் பாட்டியும் போயிருக்கு. யாராச்சும் எப்பப் பாத்தாலும் ரோட்டு மேலதான் இருக்காங்க. சரி, நீ வருவியா, மாட்டியா? இதெல்லாம் தெரிஞ்சதுக்கப்புறம் வரமாட்டேல்லா?"

"வெய்யி. கூப்பிடுதேன்" என்று சொல்லி வைத்தேன்.

என் வீட்டுக்காரர் மெதுவாக, "வண்டி சார்ஜ் ஆயிட்டு. எந்தப் பக்கம்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. போனால் கம்பெனிக்காரன் நினைத்தது நடக்கிறது. என்னை வைத்துப் போட்ட கணக்கு சரி என்று இன்னொரு தடவை எழுதிக்கொள்வான். திரும்பினால் அவனுக்கு நஷ்டம்தான், ஆனால் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திரும்பிப்போகவும் அதே சாலைதான், அதற்கும் சுங்கம்தான். எந்தப் பக்கம் போனாலும் அவன் வாயில்தான் விழுகிறோம் என்றால் மனுஷி எப்படித்தான் கோபப்படுவது?

"சம்பந்தியம்மா" என்றேன். "உங்க வீட்ல எனக்கு ஒரு பாய் கெடைக்குமா?"

அவளுக்குப் புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றப் போனாள்.

"அதக் கழட்டாதீங்க, சொல்லுதேன். பிரசவம் ஆகி, பிள்ளைக்கு மூணு மாசம் ஆகிற வரைக்கும் நான் அங்கயே இருக்கேன். பிள்ளையத் தூக்கிட்டு அவளும் அலைய வேண்டாம், நானும் அலைய வேண்டாம். முறைன்னு பாத்தா தப்புதான். ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. பேசட்டும்."

"பாய் எதுக்கு? கட்டில் இருக்கு" என்றாள் தமயந்தி. கொஞ்சம் யோசித்துவிட்டு, தானாகவே, "என் ரூம்லயே இருக்கு. எனக்கும் தனியாப் படுத்துப் படுத்து அலுத்துப்போச்சு" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப நான்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கடையைப் பாருங்க. ரெண்டு வருஷமா ஒழுங்காத் திறக்கலன்னு புலம்புனீங்கள்லா?"

அவரை எங்கள் காரில் கோவில்பட்டிக்குத் திருப்பி அனுப்பினேன். நான் தமயந்தியின் காரில் ஏறினேன். வழியெல்லாம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்த மௌனம் எனக்குப் பழைய மாதிரி உறுத்தவில்லை. துவரங்குறிச்சி தாண்டி அவள் ஒரு தடவை, "ஏசி அதிகமா இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

பெரம்பலூர் வீட்டில் ஆத்வி வாசலிலேயே நின்றாள். வயிறு போன தடவையைவிட இறங்கியிருந்தது. மாப்பிள்ளை நிதர்சன் என் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எல்லாம் சரியாக இருந்தது. பால் காய்ந்திருந்தது, மருந்து வேளைக்கு எடுத்திருந்தாள், துணி மடித்திருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த வீட்டுக்குள் எப்போது வந்தாலும் வாசலிலேயே ஏதாவது கேட்டு ஆரம்பித்துவிடுவேன். ஒரு குறையும் இல்லாத வீட்டில் ஒரு அம்மா என்ன செய்வாள்? அடுக்களைக்குப் போனேன், வெளியே வந்தேன். சோபாவின் நுனியில் உட்கார்ந்தேன்.

"சரியா உக்காரும்மா. எப்பக் கிளம்புத?" என்றாள்.

"இப்பக் கிளம்பல. மூணு மாசம் இருக்கப் போறேன்."

அவள் நம்பவில்லை. "எதுக்கு? யாரு என்ன சொன்னா?" என்று மாமியாரைப் பார்த்தாள். தமயந்தி, "யாரும் ஒண்ணும் சொல்லலை. அம்மா இருக்கட்டும்னு எனக்கும் ஆசை" என்றாள். ஆத்வி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். டிவியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்தோம்.

பொழுது சாயும்போது என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாராம், கடையைத் திறந்துவிட்டாராம், ஓட்டலில் தோசை சாப்பிட்டாராம். சொல்ல ஒன்றும் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படித் தனியாக இருந்ததில்லை.

"செல்வி, இந்த ஆப்பு என் போனுக்கும் ஒரு செய்தி அனுப்பியிருக்கு."

"என்னன்னு?"

"உங்கள் மனைவியின் குரலில் குழப்பம் தெரிகிறதுன்னு போட்டிருக்கு. காலையில வேணும்னா வந்து பாத்துட்டுப் போகட்டுமா?"

எனக்குச் சுரீரென்றது. இவ்வளவு சொல்லியும் இந்த மனிதருக்குப் புரியவில்லையே என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"குழப்பம் ஒண்ணும் இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

"அப்படியா? சரி, அப்ப வரல. நல்லா இருந்தாச் சரிதான்" என்றார். நல்லா இருக்கேன் என்று சொன்ன நாளில் எல்லாம் நான் வந்ததில்லை என்று ஆத்வி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

"நல்லாத்தான் இருக்கேன். நல்லா இருந்தா வரக்கூடாதா? வாங்க" என்றேன்.

"வாரேன், வாரேன். விடிஞ்சதும் கிளம்பிருதேன்" என்று அவசரமாகச் சொல்லி வைத்துவிட்டார், நான் மனசு மாறிவிடுவேனோ என்று.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் ஓடுவதை நிறுத்திவிட்டேன், அந்த இடத்துக்கு இப்போது இவர் வந்துவிட்டார். கோவில்பட்டிக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் ஓட இன்னொரு ஆள். அங்கே எங்கேயோ அந்த எந்திரம் இதையும் கணக்கில் சேர்த்திருக்கும். திரும்பக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லலாமா என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.